பச்சை வளையம் போட்ட கல்திருப்பி

போன தை மாதம் ஒரு நாள் காலை, சட்னியில் காரம் போதாது என்று நான் சொல்லப்போக, வேண்டுமானால் நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி கரண்டியை வைத்துவிட்டுப் போன நேரத்தில் போன் அடித்தது. பேசியவர் பவித்ரா. நான் ஓய்வு பெற்றபோது பார்த்துக்கொண்டிருந்த காட்டையும் ஏரியையும் இப்போது வனக்காப்பாளராகப் பார்த்துக்கொள்பவர்.

"சார், ஏரியில தண்ணிப் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்திருக்கறமுங்க. கரைக்கல்லு மேல ஒண்ணு நிக்குது. மைனாவை விடக் கொஞ்சம் பெருசு. குட்டைக் காலு, ஆரஞ்சு கலரு. சின்னச் சின்னக் கல்லா மூக்குல நெம்பிப் புரட்டிட்டே போகுது. நீங்க சொல்லுவீங்களே, அதுங்களா?"

"அதேதான்மா. செல்லுல ஏத்தினியா?"

"அதுக்குத்தானுங்க கூப்பிட்டேன். பேரைப் போட்டா, 'இந்த இடத்தில் இது வழக்கமான பறவை இல்லை, உறுதியாகத் தெரியுமா?'ன்னு கேக்குது. என்னங்க சார் போடறது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செல்போன் செயலிக்கு இருக்கிற இந்த நிதானம் பதினாலு வருடத்துக்கு முன்னால் எனக்கு இருந்திருந்தால், ஒரு குடும்பம் அன்று ஒரு பகல் முழுக்கப் பட்ட பாட்டைப் பட்டிருக்காது. அதைச் சொன்னதும் பவித்ரா பிடித்துக்கொண்டார். "எப்பப் பாத்தாலும் பாதிக் கதைதான் சொல்றீங்க. முழுசா எழுதிக் குடுங்க சார், ஆபீசுல எல்லாரும் படிக்கட்டும்" என்றார். எழுதிவிட்டேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது சந்தனமரக் கடத்தல் ஓயாத காலத்தில். பயிற்சியில் கற்றுக்கொண்டது நடக்க, நடந்துவிட்டுத் தூங்காமல் இருக்க, யார் எது சொன்னாலும் நம்பாமல் இருக்க. முதல் இரண்டும் வயதோடு போய்விட்டன. மூன்றாவது மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சித்தேரி மலையடிவாரத்தில் பல வருடம் இப்படியே ஓடியது. எனக்கு முன்கோபமும் உண்டு. "வாயை மூடுடா" என்பதுதான் நான் அதிகம் பேசிய வார்த்தை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

பிறகு எங்களுக்கு ரேஞ்சராக ஜெபமணி ஐயா வந்தார். தெற்கே கடற்கரை ஊர்க்காரர். மெலிந்த உடம்பு, அதிராத குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். நாம் குனிந்துதான் கேட்க வேண்டும். அவருக்கு ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. பிடித்துவந்த பொருள் எதுவானாலும், வெட்டுக்கத்தியோ, கண்ணியோ, மரக்கட்டையோ, முதலில் அதைக் கழுவச் சொல்வார். அலுவலக வாசலில் அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் வாளியும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் இருக்கும். கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் வைத்து, கட்டைகளின் சுத்தியல் முத்திரையைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியால் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். "அழுக்கைப் பாத்து எழுதாத வே, பொருளைப் பாத்து எழுது" என்பார்.

நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'வாளி ரேஞ்சர்' என்றோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த வாளியின் மகிமையை வந்த மாதமே பார்த்துவிட்டோம். டிராக்டரில் சேறு அப்பிய கட்டைகளோடு ஒரு விவசாயியைப் பிடித்து வந்தோம். கழுவினால் ஒவ்வொரு கட்டையின் முனையிலும் எங்கள் துறையே அடித்த சுத்தியல் முத்திரை. அந்த மனிதர் முறையாக ஏலத்தில் எடுத்த மரம். மழையில் வண்டி சேற்றில் கவிழ்ந்து, அனுமதிச் சீட்டும் நனைந்து கூழாகியிருந்தது. ரேஞ்சரே அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே தவிர மண்டைக்குள் ஏறவில்லை.

இனி மாதையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கு மேற்கே, கரடு ஓரத்தில் வீடு. கௌதாரி பிடிப்பதில் கெட்டிக்காரர். அவர் அப்பா காலத்திலிருந்து வந்த வித்தை அது. பழக்கின கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துக் கூவவிடுவார்கள். அந்தச் சத்தத்துக்குக் காட்டுக் கௌதாரி சண்டைக்கு வரும், கண்ணியில் மாட்டும். பழக்கின பறவை யாருடையது என்று தெரிய அதன் காலில் ஓர் அடையாளம் இருக்கும். சிலர் செம்புக் கம்பி சுற்றுவார்கள், சிலர் வண்ண நூல் கட்டுவார்கள். மாதையனின் அடையாளம் பச்சை வளையல். பிளாஸ்டிக் வளையலை வெட்டி, சூடு காட்டி வளைத்து, காலில் சின்ன வளையமாக மாட்டிவிடுவார். வளையல் அவர் மனைவி மாதம்மாளுடையது.

நான்தான் அவரைப் பிடித்தேன். மூன்று கூண்டுகள், மூன்றிலும் பச்சை வளையம். கேஸ் வருடக்கணக்கில் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா அவர் கோர்ட்டு வராண்டாவில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவழியாக முடிந்ததும் கௌதாரியை விட்டுவிட்டதாக ஊரில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதானே என் பயிற்சி.

அந்த வருட ஐப்பசியில் வங்கக் கடலில் புயல். எங்கள் பக்கம் நான்கு நாள் விடாத மழையும் காற்றும். ஐந்தாம் நாள் காலை வெயில் எட்டிப் பார்த்தது. மரம் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்க்க வண்டியில் கிளம்பினேன். ஏரிப் பிரிவு ரோட்டில் டீக்கடையைத் தாண்டும்போது எதிரே மாதையன் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு கூடை, அதன்மேல் ஈரத்துணி. என்னைப் பார்த்ததும் அவரே பிரேக் பிடித்து இறங்கினார்.

"கூடையில என்னடா?"

"ஒரு பறவைங்க சார். ஆபீசுக்குத்தானுங்க எடுத்துட்டு வந்துட்டு இருந்தேன்."

பிடிபட்டவன் எவனும் சொல்வது இதுதான். துணியை விலக்கினேன். உள்ளே நான் அதுவரை பார்த்தே இராத ஒரு பறவை. மார்பில் கறுப்புப் பட்டை, வெள்ளை வயிறு, சேறு அப்பிய குட்டைக் கால்கள். வலது காலில், சேற்றுக்கு மேலே துருத்திக்கொண்டு, பச்சையாக ஒரு வளையம்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "பச்சை வளையலா? இன்னுமாடா நீ திருந்தல?"

"ஐயோ சார், நெசமாலுமே நானு போடலீங்க. ஏரிக்கரையில மீன் புடிக்கற தங்கூசி நரம்புல காலு மாட்டிக் கெடந்துச்சு. அறுத்து எடுத்தாந்தேன். அது காலுலயே இருந்துச்சுங்க அந்தப் பச்சை..."

"வாயை மூடுடா."

மூடிக்கொண்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கார்பன் வைத்து இரண்டு பிரதியாக மகஜர் எழுதினேன். கைப்பற்றிய இடம், நேரம், பொருள். ஆறாவது வரியில் இப்படி எழுதினேன்: "மேற்படி மாதையன் என்பவன் தான் பழக்கி வளர்க்கும் பறவை என்பதற்கு அடையாளமாக அதன் காலில் தன் வழக்கமான பச்சை வளையலை மாட்டியிருந்தான்." டீக்கடைக்காரரும், பால் ஊற்ற வந்த ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கூடியிருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர், "பழைய பழக்கம் போவுமா?" என்றார். மாதையன் தலை நிமிரவே இல்லை. அவர் கையெழுத்தையும் வாங்கி, ஒரு பிரதியை அவர் சட்டைப்பையில் திணித்து, அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன்.

ரேஞ்சர் கூடைக்குள் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவன் எங்க ஊர்க்காரன்லா" என்றார் மெல்ல. "கல்திருப்பி உள்ளான்ம்பாங்க. கடக்கரையில, அலை போன பெறவு கல்லையும் சிப்பியையும் புரட்டிப் போட்டு அடியில இருக்கறதத் திங்கும். வடக்க பனிப் பிரதேசத்துல முட்டையிட்டுக் குளிருக்கு இங்க வரும். கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ள வந்து நான் கேள்விப்பட்டதில்லையே."

எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. "அப்ப சரிங்கய்யா. கடக்கரைப் பறவை இங்க தானா எப்பிடி வரும்? எங்கியோ போயி வாங்கிட்டு வந்திருக்கான். ரெண்டாவது கேஸ். உள்ள தள்ளிடலாம்" என்றேன். முதல் கேசோடு இதுவும் சேர்ந்தால் ஜாமீன் கிடைப்பதே கஷ்டம் என்பது மாதையனுக்கும் தெரியும். சுவரோரமாகக் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் சேதி கேட்டு மாதம்மாள் வந்துவிட்டார். ஏரிப் பக்கத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்ததில் சேலை முழங்கால் வரை சேறு. உள்ளே வந்தவர் அழவில்லை. இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். இரண்டிலும் சிவப்புக் கண்ணாடி வளையல்.

"பாருங்க சார், நல்லாப் பாருங்க. அந்தக் கேசு முடிஞ்ச அன்னிக்கு வூட்டுல இருந்த கூண்டை எல்லாம் நாந்தான் அடுப்புல வெச்சேன். பச்சை வளையலை அன்னிக்குக் கழட்டிப் போட்டவ, எங்க அண்ணன் மவன் கல்யாணத்துக்குக் கூடப் போடலீங்க. கடையில பச்சையைப் பாத்தாலே ஒடம்பு கூசுது. இவருக்கு வளையலு எங்கிருந்து வந்துச்சாம்? கேளுங்க அவரை!"

கடையில் வாங்க முடியாதா என்ன, என்று முணுமுணுத்தேன். அது எனக்கே சப்பென்று இருந்தது.

ரேஞ்சர் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது, குனிந்துதான் கேட்டேன்.

"கழுவுனியா?"

நான் வாசலில் இருந்த வாளியைப் பார்த்தேன்.

"இவரை எந்த இடத்துல பிடிச்ச?"

"டீக்கடைக்கிட்டங்கய்யா."

"இவர் வீடு எங்க இருக்கு?"

"அதுக்கு முன்னாடியே, மேக்கால பிரியற மண்ரோட்டுல..." சொல்லும்போதே எனக்கு உறைத்தது.

"ஏரியிலேருந்து வந்தவர் சொந்த வீட்டுக்குத் திரும்புற ரோட்டைத் தாண்டி, ஆபீஸ் இருக்கற தெசையில வந்திருக்காரு. ஒளிச்சு வைக்கறவன் அப்படி ஏன் வே வாரான்?"

வாளியில் தண்ணீர் வந்தது. ரேஞ்சர் பறவையைத் துணியோடு சேர்த்து இடது கையில் பிடித்தார். இரண்டு விரலுக்கு நடுவே அதன் கழுத்து, உள்ளங்கையில் முதுகு; அழுத்தாத, விடாத பிடி. என்னையே காலைக் கழுவச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றி, பிரஷ்ஷால் தடவினேன். முதலில் ஆரஞ்சு நிறம் வந்தது. பிறகு இடது காலில், தோலை அறுத்துக்கொண்டு, இரண்டு சுற்றுத் தங்கூசி. மாதையன் சொன்ன அதே நரம்பு. அப்புறம் வலது காலின் பச்சை. அது வளையல் துண்டாக இல்லை. ஓரம் நேர்த்தியாக, சின்னக் கொடி போல ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் எழுத்துகள். அதற்குக் கீழே, சேற்றில் முழுதாக மறைந்திருந்த ஓர் உலோக வளையம். பூதக்கண்ணாடியில் பார்த்தால், சுற்றிலும் பொடிப்பொடியாக எண்கள்.

"பறவை ஆராய்ச்சிக்காரங்க போட்டது" என்றார் ரேஞ்சர். "எங்க போவுது, எங்க வருதுன்னு தெரிஞ்சுக்க மாட்டி விடுவாங்க. புயல்ல அடிச்சுட்டு வந்திருக்கு. பாவம்."

மாதம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

மருந்துப் பெட்டியில் இருந்த சின்னக் கத்தரியால் ரேஞ்சர் நரம்பை வெட்டி எடுத்தார். காயத்துக்கு மஞ்சள் மருந்து வைத்து, அட்டைப்பெட்டியில் மணல் பரப்பி விட்டார். ஏதோ நினைத்துக்கொண்டு வாசலிலிருந்து நாலைந்து கூழாங்கல்லையும் கொஞ்சம் மண்புழுவையும் எடுத்துவந்து போட்டார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தோம். காயம்பட்ட காலைத் தூக்கிக்கொண்டு, அது ஒரு கல்லை நெம்பிப் புரட்டிக்கொண்டிருந்தது. கடல் ஞாபகம் வந்தாற்போல ரேஞ்சர் சிரித்தார். மாதையனும் எழுந்து வந்து பார்த்தார்.

நான் ஓசைப்படாமல் மகஜரை எடுத்தேன். "ஐயா, இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். கேஸ்தான் இல்லையே. மாதையனை அனுப்பிடலாம்."

"கிழிக்கக் கூடாது."

"எதுக்குங்கய்யா வச்சுக்கிட்டு..."

"டீக்கடையில எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஏழெட்டுப் பேரு."

"நீ கிழிச்சிட்டா அவங்க காதுல உள்ளதை யாரு கிழிக்கறது? 'மறுபடியும் பிடிச்சாங்க, எப்படியோ சரிக்கட்டிட்டு வந்துட்டான்'னு பேசுவாங்க. கிழிக்கறவன் கள்ளன். அடிச்சுத் திருத்தறவன் தப்புப் பண்ணினவன், அவ்வளவுதான். அடி. ஒத்தைக் கோடு. கீழ உள்ளது படிக்கற மாதிரி இருக்கணும். ரெண்டு பிரதியிலயும்."

அடித்தேன். கீழே அவர் சொல்லச் சொல்ல எழுதவில்லை. நீயே எழுது என்று விட்டுவிட்டார். வேறு தாளில் மூன்று முறை எழுதிக் காட்டினேன். முதல் முறை 'சூழ்நிலை காரணமாக' என்று எழுதியிருந்தேன். "எந்தச் சூழ்நிலை?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் முறை 'மாதையன் என்பவன்' என்று இருந்தது. விரலை அந்த இடத்தில் வைத்தார். கடைசியில் இரண்டு பிரதியிலும் ஏறியது இது: "ஆறாவது வரியில் நான் எழுதியது தவறு. காலைக் கழுவிப் பார்க்காமல் எழுதிவிட்டேன். தங்கூசியில் சிக்கிய பறவையை மாதையன் அவர்கள் மீட்டு அலுவலகத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்."

அதோடு விட்டாரா? ஜீப்பை எடுக்கச் சொன்னார். எங்கே என்று கேட்டால், டீக்கடைக்கு. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. சீருடை போட்டவன் தெருவில் நின்று தப்பு என்று படித்தால் நாளைக்கு எவன் மதிப்பான், இவர் மாற்றலாகிப் போய்விடுவார், இங்கேயே கிடந்து காலம் தள்ள வேண்டியவன் நான். மனதுக்குள் ரேஞ்சரைத் திட்டாத திட்டு இல்லை. பின் சீட்டில் மாதையனும் மாதம்மாளும், மடியில் அட்டைப்பெட்டியோடு.

டீக்கடையில் இப்போது கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. ரேஞ்சர் ஒரு டீ சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நான் படித்தேன். 'கழுவிப் பார்க்காமல்' என்ற இடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். படித்து முடித்து, சாட்சிகள் இருவரிடமும் திரும்பக் கையெழுத்து வாங்கினேன். காலையில் 'பழைய பழக்கம் போவுமா' என்றவர் எழுந்து, பெஞ்சில் இடம் விட்டு, "உக்காரு மாதையா. டீ சாப்புடு" என்றார். மாதையன் உட்காரவில்லை. என்னைப் பார்த்து, "சார் மொதல்ல உக்காரட்டும். நின்னுட்டே இருக்காரு" என்றார்.

அன்று அந்த பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். நான் மெல்ல, "கோச்சுக்காதீங்க" என்றேன். அவரை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "வுடுங்க சார்" என்றார்.

பறவையை இரண்டு நாள் அலுவலகத்தில் வைத்திருந்து, கால் ஊன்ற ஆரம்பித்ததும் ஏரியில் விட்டோம். பெட்டியைத் திறந்தது மாதையன். மேலே எழும்பியபோது இறக்கையிலும் முதுகிலும் வெள்ளைப் பட்டைகள் பளிச்சிட்டன. எங்கேயோ போய்விடும் என்று பார்த்தால், ஒரு சுற்று சுற்றி எதிர்க்கரைக் கல்லில் போய் இறங்கியது. பதினோரு நாள் இருந்தது. மாதையன் தினமும் போய்ப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் வந்து சொல்லிவிட்டுப் போவார். பன்னிரண்டாம் நாள், "கெளம்பிட்டானுங்க" என்றார்.

வளையத்து எண்ணை ரேஞ்சர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதினார். கண்டெடுத்தவர் பெயர் என்ற இடத்தில் மாதையன் பெயரைப் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தெற்கே ஒரு கடற்கரையில் முந்தின குளிர்காலத்தில் வளையமிட்ட பறவையாம். மாதையனுக்கு நன்றி என்று அவர் பெயரோடு அச்சடித்த கடிதம். அதை நானே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதம்மாள் மோர் கொடுத்தார். கையில் சிவப்பு வளையல்தான்.

அதற்குப் பிறகும் பல வருடம் வேலை பார்த்தேன். 'வாயை மூடுடா' கொஞ்சம் குறைந்தது. என் வண்டிப் பெட்டியில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு பிரஷ்ஷும் ஏறிக்கொண்டன. இளைய ஆட்கள் என்னையும் முதுகுக்குப் பின்னால் ஏதாவது பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள். கூப்பிடட்டும்.

பவித்ராவிடம், "உறுதின்னு போடும்மா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சட்னியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஏரியில் அது நின்றது. காலில் வளையம் எதுவும் இல்லை. இது வேறு ஆள். ஆனால் கல்லைப் புரட்டும் விதம் அதேதான். மனது நிறைந்துவிட்டது. திரும்பும் வழியில் நானும் பவித்ராவும் மாதையன் வீட்டுக்குப் போனோம். நடை தளர்ந்துவிட்டாலும் விவரம் கேட்டதும், "வந்துட்டானா?" என்று துள்ளி எழுந்தார்.

வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் ஒன்று மாட்டியிருந்தது. ஆராய்ச்சிக்காரர்களின் கடிதமாக இருக்கும் என்று கிட்டே போனேன். மங்கிப்போன கார்பன் எழுத்து. மகஜரின் அவருடைய பிரதி. ஆறாவது வரியின் குறுக்கே ஒற்றைக் கோடு.

"ஏங்க, பேரு போட்டு அச்சடிச்ச கடுதாசி வந்துச்சே, அது எங்க?" என்றேன்.

"பொட்டியில பத்திரமா இருக்குதுங்க."

"அதைத்தானே மாட்டி வெச்சிருக்கணும்?"

"அது பறவைக்கு வந்த கடுதாசிங்க சார்" என்றார் மாதையன். "எனக்கு வந்தது இதுதானுங்களே."

மாதம்மாள் உள்ளேயிருந்து சிரித்தார். "வூட்டுக்கு யாரு வந்தாலும் இதைத்தானுங்க காட்டுவாரு. அடிச்சிருக்குது பாரு, கீழ அவர்கள்னு போட்டிருக்குது பாருன்னு. பேரப்புள்ளைங்களுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

பவித்ரா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து எத்தனையோ தாள் எழுதியிருக்கிறேன். அதில் ஒருவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது இது ஒன்றுதான். அதிலும் ஒரு வரி அடித்தது.